ஒரு கலரில் ஒரு முகம்

காலை ஒன்பது மணி இருபது நிமிடம். ஷட்டரைத் தூக்கியதும் முதலில் கண்ணில் பட்டது என் மானிட்டரின் மேல் சாய்த்து வைத்திருந்த ஒரு வெள்ளைத் தாள். அதில் வயதான ஒருவரின் முகம். கறுப்பு மட்டும். நிழல் இல்லை, சாம்பல் நிறம் இல்லை. மூக்குக் கண்ணாடிக்கு இரண்டு வளையம், மீசைக்கு ஒரு வளைவு, நெற்றியில் திருநீற்றுக்கு மூன்று வெள்ளைப் பட்டை. எண்ணிப் பார்த்தேன். மொத்தம் பத்தொன்பது வடிவங்கள். எண்ணி முடிப்பதற்கு முன்பே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது.

தாளைக் கவிழ்த்து மேசை டிராயருக்குள் போட்டேன். அது மோசமாக இருந்திருந்தால் மேசை மேலேயே வைத்திருப்பேன். அதே முகத்தை நான் மூன்று நாளாகச் செய்துகொண்டிருந்தேன்.

இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்து இரண்டு மூன்று வருடங்கள் ஆகியிருந்த நேரம். திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்புறச் சந்தில் எனக்கு ஒரு டி.டி.பி. கடை இருந்தது. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், ஒரு கலர் பிரிண்டர். அதற்கு முன் தொண்ணூறுகளில் ஒன்பது வருடம் ஒரு நாளிதழில் பக்கம் கட்டும் பிரிவில் இருந்தேன். பிளேடால் வெட்டி ஒட்டிய காலத்தில் நுழைந்து, எல்லாம் கம்ப்யூட்டருக்குள் போன பிறகு வெளியே வந்தவன். எந்தப் படத்தை எங்கே வெட்ட வேண்டும், எந்த முகத்தை எவ்வளவு வெளிச்சத்தில் போட வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும் என்று மற்றவர்கள் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

அந்த முகத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்து பிரிண்ட் எடுத்து வைத்தவர் என்னிடம் வேலை பார்த்த பெண். வயது இருபத்தாறு. சித்தையன்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் மூன்று மாதம், கோட்டுப் படம் வரையும் கோரல் டிரா படித்தவர். மாதா கோயில் திருவிழா நோட்டீஸுக்குப் புறா, கொடிமரம், சப்பரம் என்று ஒவ்வொன்றாக வரைந்து கை பழகியிருந்தது. மற்ற கடைகளில் சி.டி.யில் வரும் பிள்ளையாரை எடுத்துத் திருமணப் பத்திரிகையில் ஒட்டுவார்கள். இவர் தானே ஒரு பிள்ளையாரை வரைந்து ஒட்டுவார். நேரம் வீணாகிறது என்று இரண்டு முறை சொல்லியிருக்கிறேன்.

அவரை நான் தற்காலிகம் என்று சொல்லித்தான் சேர்த்திருந்தேன். ஒன்றரை வருடமாகத் தற்காலிகம். அவருடைய அண்ணன் திருப்பூரில் இருந்தார். நிலையில்லாத வேலைக்கு எதற்கு இவ்வளவு தூரம் அலைகிறாய், அண்ணன் வீட்டோடு போய் இரு, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை இருக்கிறது என்று வீட்டில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். செக்கிங் என்றால் தைத்து வரும் பனியனை வெளிச்சத்தில் விரித்து, ஓட்டையும் கறையும் இருக்கிறதா என்று நாள் முழுக்க நின்று பார்ப்பது. "பொங்கல் வரைக்கும் டைம் குடுத்துருக்காகண்ணே" என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார். ஒட்டன்சத்திரத்து வேலை நல்லபடியாக முடிந்தால் நிரந்தரமாக்கிவிடுகிறேன் என்று நான்தான் சொன்னேன். அவர் கேட்டதால் அல்ல, நானாகச் சொன்னது.

ஒட்டன்சத்திரத்து வேலை இதுதான். அங்கே ஒரு காய்கறிக் கமிஷன் மண்டி. தினமும் கேரளாவுக்கு லோடு போகும். ஒவ்வொரு மண்டிக்கும் சாக்கின் மேல் ஒரு மார்க் உண்டு. அந்தப் பக்கம் இறக்குகிறவர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. மார்க்கைப் பார்த்துத்தான் எந்தச் சாக்கு எந்தக் கடைக்கு என்று பிரிப்பார்கள். இந்த மண்டிக்கு ஒரு முக்கோணத்துக்குள் இரண்டு எழுத்து. தகட்டில் வெட்டி மை தடவி அடித்துக்கொண்டிருந்தார்கள். மண்டியை ஆரம்பித்த பெரியவர் இறந்து ஒரு வருடம் ஆகப் போகிறது. தலைத்திவசத்தன்று கிளம்பும் லோடு முழுவதும் அப்பா முகத்தோடு போக வேண்டும் என்று மகன் முடிவு செய்திருந்தார். எங்கள் ஊர்ப் பக்கம் இது அதிசயம் இல்லை. ஜவுளிக்கடைப் பை, பாக்குப் பொட்டலம், ஊதுபத்தி, எதை எடுத்தாலும் ஒரு வட்டத்துக்குள் யாரோ ஒருவரின் அப்பா இருப்பார். வியாபாரம் மகனுடையது, முகம் அப்பாவுடையது.

மகன் வந்தபோது வீட்டுச் சுவரிலிருந்து கழற்றிய படத்தை அப்படியே கொண்டுவந்திருந்தார். கண்ணாடி மேல் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. பின்புற ஆணியை நெம்பிப் படத்தை உருவி ஸ்கேன் செய்தேன். பெரியவர் நல்ல கறுப்பு. ஸ்டுடியோக்காரர் ஒரு பக்கம் மட்டும் லைட் வைத்து எடுத்திருந்தார். ஒரு கன்னம் பளபளவென்றும் மறு கன்னம் இருட்டிலும் இருந்தது. மூக்குக் கண்ணாடியில் லைட் அடித்திருந்தது. எனக்கு அந்த இருட்டு மிகவும் பிடித்தது.

போட்டோஷாப்பில் உட்கார்ந்தேன். நீள்வட்டம், அதற்குத் தங்க நிறத்தில் உப்பலான விளிம்பு, தலைக்குப் பின்னால் ஒளி, கீழே விழும் மெல்லிய நிழல். மானிட்டரில் பார்த்தபோது பெரியவர் மூச்சு விடுவதுபோல இருந்தது. கோரலைத் திறக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அது நோட்டீஸுக்கும் பில் புத்தகத்துக்கும் உள்ளது என்பது என் எண்ணம். முகம் என்றால் போட்டோ. வரைந்தது என்றால் கார்ட்டூன். பத்திரிகை ஆபீஸில் இரண்டுக்கும் தனித்தனி மேசை.

தாளைப் பார்த்த அன்று பத்து மணிக்கு அந்தப் பெண் வந்தார். கைப்பையை மாட்டிவிட்டு மானிட்டரைப் பார்த்தார். தாள் இல்லை.

"தாளப் பாத்தீங்களாண்ணே?"

"பாத்தேன்."

"எப்பிடி இருக்கு?"

"கார்ட்டூன் மாதிரி இருக்கு. செத்த மனுசன் மூஞ்சியக் கார்ட்டூனாப் போட்டா அந்த வீட்டம்மா என்ன சொல்லும்?"

அவர் என் மானிட்டருக்கு அருகே வந்து நின்றார். ஒளிவட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சாமியாக்கிட்டீங்க போல."

"நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. சாக்குல போகணும்னு சொன்னாகள்லண்ணே? இது அம்புட்டும் புள்ளி. பெருசா இழுத்தா கட்டங் கட்டமா ஒடஞ்சுரும். சின்னதாக்கி ஒரு கலர்ல அடிச்சா ஒண்ணோட ஒண்ணு அப்பிக்கிரும். நான் போட்டது கோடு. தீப்பெட்டியிலயும் போடலாம், லாரியிலயும் போடலாம். எம்புட்டு இழுத்தாலும் அப்பிடியேதான் இருக்கும்."

"ஒம்பது வருசம் பேப்பர்ல படம் போட்டவனுக்கு நீ புள்ளியப் பத்திப் பாடம் எடுக்கிற."

"பாடம் எடுக்கலண்ணே. ஞாபகப்படுத்துனேன்."

அவர் சிரித்துவிட்டுத் தன் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

புள்ளியைப் பற்றி எனக்குத் தெரிந்தது உண்மைதான். நாளிதழில் அச்சாகும் ஒவ்வொரு படமும் புள்ளிதான். ஆனால் அந்தப் படம் ஒரே ஒரு நாள், ஒரே ஒரு அளவில் வாழ்கிறது. மறுநாள் அதில் வடை மடிப்பார்கள். மூன்று பத்தி அகலம் என்றால் மூன்று பத்தி அகலம்தான், அதை யாரும் லாரிக்கு இழுக்கப் போவதில்லை. நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான். ஒரு மார்க் எந்த அளவில், எந்தப் பரப்பில், எந்த மையில் போய் விழும் என்று முன்கூட்டியே தெரியாது. எல்லா இடத்திலும் அது அதுவாகவே இருக்க வேண்டும். சந்துக்குள் நோட்டீஸ் போட்டுக்கொண்டிருந்தவருக்கு அது தெரிந்திருந்தது. எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இன்னும் சரியாகச் சொன்னால், அவர் சொன்ன நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது. அதன் பிறகும் நான் போட்டோஷாப்பில்தான் இருந்தேன்.

இரண்டு நாள் கழித்து, பளபளப்பான தாளில் கலர் பிரிண்ட் எடுத்து லேமினேஷன் செய்துகொண்டு ஒட்டன்சத்திரம் போனேன். டிராயரில் இருந்த தாளை எடுத்துப் போகவில்லை. மகன், இப்போதைய மண்டிக்காரர், என்னை வீட்டுக்கு அழைத்துப் போனார். பெரியவரின் மனைவி கூடத்தில் உட்கார்ந்திருந்தார். மார்க் எது என்று தீர்மானிக்க வேண்டியவர் அவர்தான். படத்தைக் கையில் வாங்கி, தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"இவருதான்" என்றார். பிறகு, "ஏனப்பா, இவரையா சாக்குல அடிக்கப் போறீங்க?" என்று மகனைக் கேட்டார்.

"ஆமாங்கம்மா. மொதச் சாக்கு நம்ம வீட்டுலதான் இருக்கும்."

"மண்ணுல போட்டு இழுக்காம இருந்தாச் சரி."

நான் காபி குடித்துவிட்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் எழுத வேண்டும்.

திண்டுக்கல்லில் சாக்குக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் அடிப்பவர் எனக்குப் பழக்கமானவர். லேமினேஷன் செய்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "எத்தன கலரு?"

"ஒண்ணு. கறுப்பு."

"ஏண்ணே, இந்த நெழல ஒரு கலர்ல எங்க கொண்டுபோயி வைக்க? கோட்டுப் படம் இருந்தாக் குடுங்க, அரை நாள்ல முடிச்சுருவேன்."

"நானே கறுப்பு வெள்ளையாக்கித் தாரேன். அதப் போடுங்க."

"ஒங்க இஷ்டம். பெறகு என்னைய வையக் கூடாது."

போட்டோஷாப்பில் அதற்கு ஒரு கட்டளை இருக்கிறது. குறிப்பிட்ட வெளிச்சத்துக்கு மேலே உள்ளதெல்லாம் வெள்ளை, கீழே உள்ளதெல்லாம் கறுப்பு. நடுவில் ஒன்றும் இல்லை. அந்த எல்லையை அங்கும் இங்கும் நகர்த்திப் பார்த்தேன். இந்தப் பக்கம் நகர்த்தினால் மீசை காணாமல் போயிற்று. அந்தப் பக்கம் நகர்த்தினால் இருட்டுக் கன்னம் மொத்தமும் கறுப்பாயிற்று. ஒரு இடத்தில் நிறுத்தினேன். அந்த இடத்தில் எனக்குப் பெரியவர் தெரிந்தார். நாள் கணக்கில் அவரையே பார்த்துக்கொண்டிருந்தவனுக்குத் தெரியாமல் எப்படி இருக்கும்? அந்தப் படத்தை ஒருமுறைகூடப் பார்க்காத ஒருவரிடம் காட்டி, இது முகமாகத் தெரிகிறதா என்று கேட்டிருக்க வேண்டும். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரரிடம் காட்டியிருந்தாலே போதும். பத்து அடி நடக்க வேண்டும். நடக்கவில்லை.

அந்தப் பெண் தன் இடத்திலிருந்து ஒருமுறை திரும்பிப் பார்த்தார். மறுபடி தன் நோட்டீஸுக்குத் திரும்பிக்கொண்டார்.

தலைத்திவசம் முடிந்த மூன்றாம் நாள், முற்பகலில், மண்டிக்காரர் கடைக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் மடித்த சாக்கு. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. சாக்கை என் மேசையில் விரித்தார். கறுப்பாக ஒரு திட்டு. அதற்குள் கண்ணாடி இருந்த இடத்தில் இரண்டு வெள்ளை ஓட்டை. சாக்கின் இழைக்குள் மை இறங்கி, இருட்டுக் கன்னமும் கழுத்தும் சட்டையும் ஒன்றாகியிருந்தன.

"ஏனுங்க, இது எங்கப்பாங்களா?"

சாக்கின் மடிப்பைக் கையால் நீவி விட்டேன்.

"லோடு ஏத்தற பசங்க, போலீசு தேடற ஆளுங்களானு கேக்கறானுங்க. எம் முன்னாடியே. அந்தப் பக்கத்துல இருந்து நேத்து போன் போட்டிருக்கறான். சாக்கு மேல சேனக்கெழங்கு படம் போட்டிருக்குது, உள்ள பச்ச மொளகா இருக்குது, எது சரின்னு கேக்கறான். எங்கம்மா சாக்கப் பாத்துட்டு மூணு நாளாப் பேசலீங்க. அவங்களுக்கு என்னனு சொல்றதுங்க நானு?"

"தப்பு நடந்துபோச்சுங்க."

"இத யாருங்க பண்ணுனது?"

கடை பதினாறு அடி நீளம். நான் வாசல் பக்கம், அந்தப் பெண் உட்புறச் சுவர் பக்கம். முதுகு எங்களைப் பார்த்திருந்தது. கை மவுஸின் மேல் இருந்தது, அசையவில்லை. அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு வார்த்தையில் பதில் இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை. என் கண் அந்த முதுகின் பக்கம் போய்த் திரும்பி வந்தது. பிறகு, "கொஞ்சம் அவசரத்துல ஆயிடுச்சுங்க, நான் சரியாக் கவனிச்சிருக்கணும்" என்றேன். ஒன்பது வருடம் பத்திரிகையில் இருந்தவனுக்கு, ஒரு பொய்யும் எழுதாமல் ஒரு ஆளைக் குற்றவாளியாக்கத் தெரியும்.

அவர் நான் பார்த்த பக்கம் பார்த்தார்.

"பொண்ணுங்க கையில விட்டா இப்படித்தானுங்க" என்றார். சத்தம் போடவில்லை. சாதாரணமாகச் சொன்னார்.

நான் டிராயரைத் திறந்தேன். கவிழ்த்துப் போட்டிருந்த தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் அதைக் கையில் எடுக்காமல் பார்த்தார். பிறகு எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனார். திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது.

"இதுதானுங்களே எங்கப்பா. அந்த மீசையப் பாருங்க. இத வெச்சுக்கிட்டு எதுக்குங்க அதக் குடுத்தீங்க? இது நீங்க போட்டதுங்களா?"

"நம்ம கடையில போட்டதுதாங்க."

அதிலும் பொய் இல்லை.

சாக்கை மறுபடி அடித்துத் தருவதாக ஒப்புக்கொண்டேன். லாரிக் கதவு, மண்டி போர்டு, லெட்டர்பேடு எல்லாம் இந்த முகத்தையே வைத்து என்னையே செய்யச் சொன்னார். ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, உள்ளே இருப்பவருக்கும் கேட்கும்படிதான் சொன்னார். "அந்தப் புள்ளைய மட்டும் எங்க வேலையில கை வெக்க உடாதீங்க. எங்கம்மாவுக்கு ஆவாது." சரி என்று தலையாட்டினேன்.

அவர் போன பிறகு அந்தப் பெண் நாற்காலியைத் திருப்பினார்.

"நாந்தேன் பண்ணுனேன்னு ஏண்ணே சொன்னீங்க?"

"நான் எங்கம்மா சொன்னேன்? அவரா நெனச்சுக்கிட்டாரு."

"நீங்க சொல்லலண்ணே. பாத்தீங்க."

இதற்கு நான் என்ன சொன்னேன் என்பது நினைவில் இருக்கிறது. பார்ட்டி கோபத்தில் இருக்கிறார், ஆறட்டும், பத்துப் பதினைந்து நாள் நீ வீட்டில் இரு, இந்த மண்டி வேலை முடிந்ததும் கூப்பிடுகிறேன் என்றேன்.

"பொங்கலுக்கு எட்டு நாளுதேன் இருக்கு" என்றார்.

"தெரியும்."

"அப்ப நெரந்தரம்னு சொன்னது?"

"இப்பப் போயி எப்பிடிம்மா?"

பிரிக்காத மதியச் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக் கைப்பையில் வைத்தார். அவர் வரைந்தவை எல்லாம் அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருந்தன. எழுந்து நின்று, அந்த முகத்தில் ஒரே ஒரு பிரிண்ட் வேண்டும் என்று கேட்டார். திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் டிசைன் போடுகிற பிரிவும் இருக்கிறதாம். தான் வரைந்தது என்று காட்ட ஒன்று இருந்தால், செக்கிங்குக்குப் போகாமல் அங்கே கேட்டுப் பார்க்கலாம் என்றார்.

"அது பார்ட்டியோட மார்க்கும்மா. வெளிய குடுக்கக் கூடாது."

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இருந்ததா என்று என்னால் சொல்ல முடியவில்லை. முகங்களைப் பார்த்துச் சொல்வதில் எனக்கு இருந்த நம்பிக்கை அந்த வாரத்தில் போயிருந்தது. "சரிண்ணே, வாரேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். மதியம் பன்னிரண்டு ஆகியிருந்தது. சித்தையன்கோட்டை பஸ் நிற்கும் பக்கம் போனது வரை பார்த்தேன்.

புதிய சாக்கு அரை நாளில் அச்சானது. ஸ்கிரீன் பிரிண்டிங்காரர் ஒன்றும் கேட்கவில்லை, "இது மொதல்லயே இருந்துச்சா?" என்பதைத் தவிர. அதே முகத்தை லாரிக் கதவுக்கு மூன்று அடியாக இழுத்தேன். மீசையின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல நின்றது. மண்டி போர்டுக்கு எட்டு அடியாக இழுத்தேன். உடையவில்லை. லெட்டர்பேடின் மூலையில் சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சுருக்கினேன். அப்போதும் அவர்தான். பெரியவரின் மனைவி மகனிடம் பேசத் தொடங்கிவிட்டதாகப் போனில் சொன்னார்கள். கேரளாவில் இறக்குகிறவர்கள் அந்த மண்டியைத் தாத்தா மண்டி என்று சொல்கிறார்களாம். மண்டிக்காரர் இன்னும் இரண்டு கடைக்காரர்களை என்னிடம் அனுப்பினார். நல்ல கை என்று சொல்லி அனுப்பினார்.

பொங்கல் முடிந்ததும் அந்தப் பெண் திருப்பூர் போய்விட்டதாக, அதே பஸ்ஸில் வரும் ஒருவர் சொன்னார். பதினைந்து நாள் முடிந்திருக்கவில்லை என்பதால் நான் கூப்பிட்டிருக்கவில்லை. முடிந்திருந்தாலும் கூப்பிட்டிருப்பேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன். அங்கே அவருக்கு எந்த வேலை கிடைத்தது என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிப்பதே தொழிலானவர்களோடு ஒன்பது வருடம் இருந்தவன் நான்.

அடுத்த வாரம் மண்டிக்காரர் போன் செய்தார். பெரியவர் தோளில் எப்போதும் துண்டு போட்டிருப்பாராம். மார்க்கில் அதையும் சேர்க்க வேண்டும் என்று அவருடைய அம்மா ஆசைப்படுகிறார். நாளைக்குள் முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். அந்தப் பெண்ணின் நாற்காலியில் உட்கார்ந்து கோரலைத் திறந்தேன். முகத்தின் ஓரத்தைத் தொட்டதும் கோடு நெடுகச் சின்னச் சின்னக் கட்டங்கள் எழுந்தன. ஒன்றைப் பிடித்து இழுத்தேன். தாடை கோணிக்கொண்டது. திரும்பப் பழையபடி கொண்டுவர இருபது நிமிடம் ஆனது. மாலை வரை உட்கார்ந்தேன். துண்டு வரவில்லை.

மறுநாள் காலை, நான் முன்பு வேலை பார்த்த நாளிதழுக்கு ஒரு வரி விளம்பரம் எழுதிக் கொடுத்தேன். திண்டுக்கல் டி.டி.பி. நிறுவனத்துக்கு ஆள் தேவை, கோரல் டிராவில் முகம் வரையத் தெரிந்திருக்க வேண்டும், பெண்களுக்கு முன்னுரிமை.